சேவியர் அங்கிளின் பக்கத்துக் கதிரை

பொதுமக்களுக்குத் தாழ்மையுடன் அறியத்தருவது: சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஊசி போட்ட பிறகு, நான் பதினொரு தடவை தும்மினேன். வழக்கமாக எண்ணிச் சொல்பவர் வரவில்லை. நானே எண்ணினேன். பக்கத்துக் கதிரை ஏன் காலி என்று கேட்டபோது நர்ஸ் மிஸ்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சேவியர் அங்கிள் ஞாயிற்றுக்கிழமை நித்திரையிலயே போயிட்டார் தம்பி. ஹார்ட்."

அவரைத் தெரிந்த உங்களுக்கு என்னைத் தெரியாது. பொரளைப் பக்கம் ஒரு கிளினிக்கில், புல் மகரந்த ஒவ்வாமைக்கும் அதனால் வரும் ஆஸ்துமாவுக்கும் ஒரு மருந்தைப் பரிசோதிக்கிறார்கள். மாதம் ஓர் ஊசி. சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள். போட்டபின் மூச்சடைக்கிறதா என்று பார்க்க அரை மணித்தியாலம் உட்காரவைத்தே தீருவார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து அவரும் வெள்ளவத்தையிலிருந்து நானும் அப்படித்தான் பக்கத்துப் பக்கத்தில் வந்து சேர்ந்தோம். என் மூக்குக்கு வயது பதினேழு, அவருடைய மூக்குக்கு அறுபத்தெட்டு.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். "கொண்டெய்னரையே தூக்கினனான். ஒரு புல்லுப்பூ என்னைக் கவிட்டுப்போட்டுது" என்பார்.

ஒருநாள் சும்மா இருக்க முடியாமல், கழுத்தைப் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து சரிந்தேன். "மிஸ்ஸி, இக்மனட்ட எண்ட! கெதியா வாங்கோ!" என்று அங்கிள் சிங்களத்திலும் தமிழிலும் போட்ட கூச்சலில் மிஸ்ஸி அவசர ஊசியோடு ஓடி வந்தார். எழுந்து, "ரிகர்சல்" என்றேன். மிஸ்ஸி இரண்டு மொழியிலும் ஏசினார். அங்கிள் தன் இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை இழுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "டேய், எதில வேணுமெண்டாலும் பகிடி விடு. மூச்சில விடாத."

அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. மனைவி ரீட்டா மட்டக்குளிச் சேமக்காலையில் இருக்கிறார். ஒவ்வொரு நவம்பரும், ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன், குடும்பங்கள் போய்க் கல்லறையைத் துப்புரவாக்கும். அங்கிள் மட்டும் கேற்றடியில், லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். உள்ளே யாரோ கூலியாள் புல் வெட்டுவான். "ஏழு வருசமா அவவைத் தூரத்தில நிண்டு பார்க்கிறன்" என்றார். "எனக்குப் போடுறது ஒரிஜினல் எண்டு தெரிஞ்சா நானே போய் வெட்டுவன்."

அடுத்த மாதமே அவர் காதருகில் சொன்னேன்: "அங்கிள், மிஸ்ஸியின்ர மேசையில லிஸ்ட்டைப் பார்த்திட்டன். உங்களுக்கு ஒரிஜினல். எனக்குத் தண்ணி."

"சத்தியமா?"

"சத்தியமா."

நவம்பரில் அவர் வந்தபோது விரலெல்லாம் கீறல். "ரெண்டு மணித்தியாலம் குந்தி இருந்து வெட்டினன். மூண்டே மூண்டு தும்மல். ரீட்டா சிரிச்சிருப்பா." சட்டைப்பையிலிருந்து அந்தக் கட்டம்போட்ட லேஞ்சியை எடுத்து நீட்டினார். "எனக்கு இனி வேண்டாம். தண்ணி ஊசிக்காரன், நீ வச்சிரு."

அதன் பிறகு ரியூஷன் வகுப்பு முழுக்க என் புகழ்தான். வெளிநாட்டு விஞ்ஞானிகள் பூட்டிவைத்த இரகசியத்தை உடைத்த ஒரே ஆள் நான் என்று சொல்லித் திரிந்தேன்.

செத்த வீட்டில் அவருடைய மகள் ஜெனிட்டா அக்கா என் கையைப் பிடித்தார். "நீங்க லிஸ்ட்டைப் பார்த்துச் சொன்னபடியாத்தான் அப்பா அம்மாட்டப் போனவர். அதை எழுதித் தாங்கோ தம்பி, அப்பாவின்ர நினைவு மலரில போடுவம்." நான் தலையாட்டினேன்.

இந்த மாதமும் ஊசி போட்டார்கள். அரை மணித்தியாலம் இவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அக்கா, அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்த லேஞ்சி. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இன்னும் மூக்குத் துடைக்கவில்லை. உண்மைப் பட்டியல் எங்கோ பூட்டில் இருக்கிறது, அது மிஸ்ஸிக்கே தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் திறப்பார்கள். அங்கிளுக்குப் போனது தண்ணீர் என்று வந்தால் உங்கள் முகத்தில் எப்படி முழிப்பதென்று தெரியாததால், இப்போதே எழுதிவிடுகிறேன். அன்று அந்த மேசையில் நான் பார்த்தது மிஸ்ஸிமாரின் மத்தியானச் சாப்பாட்டு ஓடர். மூன்று சோற்றுப் பார்சல், ஒரு கொத்துரொட்டி. அவ்வளவுதான்.