ஆறுமணிக்குருவி நின்ற கல்

என் கணவரின் மேலதிகாரி செத்த பறவைகளைச் சேர்த்துவைக்கிறவர். அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் மரியாதை செய்ததாகிவிடும்.

அப்போது நாங்கள் பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். கணவர் கால்வாய் வேலைகளைப் பார்க்கும் ஓவர்சியர். கொழும்பில் வேலையாயிருந்த என் அண்ணன் ஒரு கிறிஸ்துமசுக்கு வந்தபோது கறுப்புப் பெட்டிக் கேமரா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். குடும்பத்தாரை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கத்தான் கொடுத்தான். எனக்கோ புறவாசலுக்கு வரும் பறவைகள்மேல் கண்.

அடுக்களைக்குப் பின்னால் பலாமரத்தடியில் தட்டையான கருங்கல் ஒன்று கிடந்தது. மார்கழிக் குளிரில் விடிந்ததும் அதன்மேல் பழஞ்சோறும் கனிந்த வாழைப்பழமும் வைப்பேன். முதலில் காக்கை வரும். அப்புறம் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போடும். மைனா, கொண்டைக்குருவி, சில நாள் மஞ்சள் மாங்குயில்கூட வரும்.

எனக்கு வேண்டியிருந்தது ஆறுமணிக்குருவி. ஐப்பசி மழையோடு எங்கிருந்தோ வந்து பங்குனி வரை தங்கும். காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் சீழ்க்கையடிக்கும். பச்சை முதுகு, நீலச் சிறகு, வாலடியில் ரத்தச் சிவப்பு. சோற்றையும் பழத்தையும் அது திரும்பிப் பார்க்காது. சருகைக் கிளறிப் பூச்சி தின்கிற பறவை. அதனால் தென்னையின் அடிமூட்டில் கரையான் மண்ணைப் பெயர்த்து வந்து கல்மேல் வைத்தேன். பல நாள் கழித்து ஒரு காலையில் அது வந்தது.

அந்தக் கேமராவுக்கு நிழல் ஆகாது. பறவை அசைந்தாலும் ஆகாது, வெறும் புகைதான் விழும். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்தினேன். கவிழ்த்த பானைமேல் கேமராவை வைத்து, அதன் விசையில் நூல் கட்டி, நூலை அடுக்களைச் சன்னல் வழியே உள்ளே கொண்டுவந்து, மணைப்பலகையில் குனிந்து உட்கார்ந்திருப்பேன். நாகர்கோவில் ஸ்டூடியோவில் கழுவி வந்தால் பாதிப் படங்களில் கல் மட்டும் இருக்கும்.

"கல்லைப் படம் பிடிக்கதுக்கா பிலிம் வாங்குகே?" என்பார் கணவர்.

இரண்டாவது குளிர்காலத்தில்தான் படம் விழுந்தது. அதில் பறவை என் கட்டைவிரல் நகத்தளவு. நிறமெல்லாம் சாம்பலாகியிருந்தது. ஆனாலும் அது நின்ற நிலை அப்படியே இருந்தது. கால்களை நீட்டி, மாரை நிமிர்த்தி, என் சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றது. அன்று முழுவதும் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

கணவர் அதை என்னிடம் கேட்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்த் தன் மேலதிகாரியான எஞ்சினியரிடம் காட்டினார். எஞ்சினியர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பாடம் செய்த பறவைகள் வரிசையாக நிற்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. கணவருக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குக் கிளம்பவில்லை.

"தலைநோவா இருக்கு பிள்ளே. நீ போயிட்டு வா" என்றார். ஆராதனையில் அவருக்காக ஜெபம் செய்தேன். இதை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

திரும்பி வந்தபோது வாசலில் எஞ்சினியரின் கார் நின்றது. அடுக்களைக்குள் வெடிமருந்து நாற்றம். என் மணைப்பலகையில், செருப்புக் காலோடு, எஞ்சினியர் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியை என் ஆட்டுரல்மேல் சாய்த்துவைத்திருந்தார். தரையில் வாழையிலை. இலைமேல் ஆறுமணிக்குருவி. ரத்தம் ஒழுகாமலிருக்க அதன் அலகுக்குள் பஞ்சு திணித்திருந்தார்கள். வெளியே கல்மேல் புதுக் கரையான் மண் குவித்திருந்தது.

"வாங்கம்மா. உங்க படத்தைப் பார்த்துத்தான் வந்தேன்" என்றார் எஞ்சினியர். "நல்ல இடமாப் பார்த்துப் பழக்கி வச்சிருக்கீங்க. கொஞ்சங்கூடச் சிதையலே."

நான் கணவரைப் பார்த்தேன். "கரையான் யாரு வச்சது?"

அவர் சுவரைப் பார்த்தார். "சார் கேட்டாங்க."

"ஒங்களுக்குத் தலைநோவுன்னு சொன்னியளே."

"ஒரு குருவிதானே பிள்ளே. பேசாம இரி. சாருக்குக் காப்பி போடு."

எஞ்சினியர் என்னைத் தேற்ற ஆரம்பித்தார். "வருத்தப்படாதீங்க. பாடம் பண்ணிக் கண்ணாடிக்குள்ளே வச்சா நிறம் அப்படியே நிக்கும். உங்க படம் மங்கிப்போகும். இது மங்காது."

அவர் கேலி செய்யவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சன்னலுக்குப் பின்னால் பயப்பட யாரும் இல்லை என்று இரண்டு குளிர்காலமாக அந்தப் பறவை நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையை என் வீட்டுக்காரர் எடுத்துத் தன் அதிகாரிக்குக் காணிக்கை வைத்துவிட்டார்.

குனிந்து பறவையை எடுத்தேன். சூடு ஆறவில்லை.

"பார்த்தும்மா, இறகு கலைஞ்சிடும்" என்றார் எஞ்சினியர்.

அடுப்பில் தேங்காய் உரித்த தொண்டு கனன்றுகொண்டிருந்தது. பறவையை அதற்குள் வைத்து, மேலே காய்ந்த ஓலையைத் திணித்தேன். குப்பென்று பற்றியது. இறகு கருகும் நாற்றம் வீடெல்லாம் பரவியது. எஞ்சினியர் எழுந்துவிட்டார்.

"என்ன காரியம் செய்தீங்க? அது என் பறவை."

"இது என் அடுக்களை சார். செருப்பைக் கழத்திட்டு நிக்கணும், இல்லேன்னா வெளியே போவணும்."

அவர் போனார். கணவர் கார்வரைக்கும் பின்னாலேயே ஓடினார். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"என் வேலைக்கே உலை வச்சிட்டியே ஏட்டி."

"பொய் சொல்லி என்னைக் கோயிலுக்கு அனுப்பினியளே, அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்கோ."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வயல் அறுப்பு முடியும் முன்னே அவரை ஆரல்வாய்மொழிக்கு மாற்றிவிட்டார்கள். என்னால்தான் என்று சொந்தக்காரர் எல்லோரிடமும் சொன்னார். என் நாத்தனார் பெட்டி கட்ட உதவ வந்து, "ஒரு மன்னிப்பு கேட்டா கொறஞ்சா போவே?" என்றாள். "கேக்க வேண்டியவங்க கேக்கட்டு" என்று சொல்லி, பாத்திரங்களை நானே கட்டினேன். கேமராவைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வண்டியில் போனேன்.

ஆரல்வாய்மொழியில் கணவாய்க் காற்று ஓயாது. அந்த வீட்டின் பின்னாலும் ஒரு கல்லைப் போட்டேன். சிட்டுக்குருவியும் கொண்டைக்குருவியும் வந்தன. எடுத்த படங்களை என் துணிப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கணவர் ஒருமுறை, "படமெல்லாம் எங்கே வச்சிருக்கே?" என்று கேட்டார். "ஒங்களுக்கு எதுக்கு?" என்றேன். மறுபடி கேட்கவில்லை.

அடுத்த மார்கழியில் எஞ்சினியர் மேற்பார்வைக்கு வருவதாகத் தகவல் வந்தது. கணவர் காலையிலேயே அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"சாருக்கு மத்தியானம் சோறு ஆக்கணும். பழசெல்லாம் அவரு மறந்திருப்பாரு."

"மறக்கதுக்கு அவருக்கு என்ன போச்சு?" என்றேன். "கடைத்தெருவுல சோறு கிடைக்கும். கூட்டிக்கிட்டுப் போங்கோ."

எனக்கும் கணவருக்குமாக மட்டும் அரிசி களைந்தேன். அவர் எஞ்சினியரோடு கடைத்தெருவுக்குப் போய்விட்டார்; அவர் பங்கு சாயங்காலம் வரை பானையில் கிடந்தது.