தண்ணீருக்குக் காய்ச்சல் பார்த்தவர்

என் பெயர் சிவப்பு மையில் எழுதப்பட்ட வெப்பநிலைத் தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. மாதம் சித்திரை, கிழமை வியாழன், பகல் பன்னிரண்டேகால். ஆண்டு எழுதியிருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. எழுபதுகளின் பிற்பகுதி என்பதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையிலான ஒரு சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது நான் எழுத்தர். கக்குவான் உட்பட மூன்று நோய்களைத் தடுக்கும், குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசி மருந்து எங்களுக்கும் வரப்போவதாகச் சொன்னார்கள். சூடுபட்டால் அதன் வீரியம் போய்விடும் என்பதால், மருந்துக்கு முன்பே மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்பெட்டி வந்து இறங்கியது. சில வாரங்கள் குளிர் நிலையாக நின்றால் மருந்து வரும். இல்லையென்றால் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும். முந்தின மார்கழியில் கக்குவான் இருமலுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்திருந்தோம். இரண்டாவது பிள்ளையின் மூச்சு அடங்கியது எங்கள் நர்ஸம்மாவின் மடியில். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

குளிரைத் தாங்கிப் பிடிக்கப் பெட்டிக்குள் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கினார். காலையும் மாலையும் வெப்பநிலை பார்த்து எழுதினார். பெட்டிக்கு அடியில் எரியும் விளக்குத் திரியைத் தானே நறுக்கினார். கதவை யார் திறந்தாலும் தாளில் பெயர் ஏறும். ஆயாவுக்கு இது பெரிய வேடிக்கை. "ஏன் நர்ஸம்மா, தண்ணிக்குக் காய்ச்சலா? ரெண்டு நேரமும் சூடு பாக்கீக" என்பார். "மருந்து வாரதுக்குள்ள தண்ணிய வச்சுப் பழகிக்கிறேன்" என்பார் இவர், சிரிக்காமல்.

அந்த வியாழக்கிழமை பெட்டியைச் சோதிக்கக் காரியாபட்டி வழியாக ஜீப்பில் அதிகாரி வந்து இறங்கினார். வேர்த்து விறுவிறுத்துத் தண்ணீர் கேட்டார். நர்ஸம்மா பானைத் தண்ணீர் கொடுத்தார். "பெட்டிய வச்சுக்கிட்டுப் பானைத் தண்ணியா?" என்று அவர் சிரித்தபோது எனக்கு உடம்பு கூசிவிட்டது. தண்ணீர் கேட்டவரிடம் இல்லை என்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. தவிர, அவர் முகம் கோணினால் பெட்டியே போய்விடுமோ என்ற பயம். ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டினேன்.

நர்ஸம்மா என்னைத் திட்டவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, அதிகாரியின் கண்ணெதிரே என் பெயரை எழுதினார். அதிகாரி புட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தாளை வாங்கி மேலிருந்து படித்தார். ஓரிடத்தில் நின்றார். 'கதவு திறந்தது: நான். மல்லிகைப் பூ வைத்தேன். தவறு.'

"பூ வச்சதக்கூடவா எழுதுவீங்க?"

"குளிரு கொறஞ்சது நெசந்தானங்கய்யா."

அவர் என் பெயருக்கு அடியில் கையெழுத்திட்டார். பிறகு பானைத் தண்ணீரையே குடித்தார்.

மறுநாள் எல்லாப் புட்டிகளிலும் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து சொட்டுச் சொட்டாகக் கலந்திருந்தது. அதன் பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்து யாருக்கும் தாகம் எடுக்கவில்லை, எனக்கும்.

இப்போது அங்கே இருப்பது மின்சாரப் பெட்டி. குளிர் குறைந்தால் அதுவே கூவுகிறது. பழைய காகிதங்களைக் கழித்துப் போட்ட அன்று இந்தத் தாளைக் கேட்டு வாங்கிவந்தேன். என் பெயரைப் பார்க்க நேரும்போதெல்லாம் கண்ணைக் கீழே இறக்கிக் கடைசி வரிக்குப் போய்விடுவேன். நர்ஸம்மாவின் அதே கையெழுத்து, அதே சிவப்பு மை:

'கதவு திறந்தது: நான். மருந்து வைத்தேன்.'