எத்தனால் பெட்ரோலும் ‘ஒண்ணும் ஆகாது’வும்

படகு இன்ஜின் மெக்கானிக்குக்கு, வேலை முடிந்து இன்ஜினைக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் பயமே ஆரம்பிக்கிறது. பைக் நின்றுபோனால் ஓரங்கட்டலாம், தள்ளிக்கொண்டு வரலாம், மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே ஒரு டீ குடிக்கலாம். படகில் போகிறவனுக்கு ஓரங்கட்ட இடம் கிடையாது.

தேங்காய்த்திட்டு போகிற சாலையில், படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின்களுக்கு ஒர்க்‌ஷாப் வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. எனக்கு நீச்சல் தெரியாது. இன்ஜினைத் தண்ணீர் டிரம்மில் விட்டு ஓட்டிப் பார்ப்பதோடு என் கடற்பயணம் முடிந்துவிடும். எடுத்துப்போக வருகிறவர்கள் கடைசியாக ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “போலாமாண்ணா?” நானும் ஒரே பதில்தான் சொல்வேன்: “போ, ஒண்ணும் ஆகாது.” அதை நம்பித்தான் முகத்துவாரத்துக்குப் போவார்கள். ஆறு கடலில் சேருகிற அந்த இடத்தில் மணல்மேடும் அலையும் ஒன்றாகக் கிடக்கும். அங்கே இன்ஜின் நிற்கவே கூடாது.

பெட்ரோலில் எத்தனாலை, அதாவது ஆலைச் சாராயத்தை, கலக்க ஆரம்பித்து, அது இருபது சதவீதம் வரை வந்து நின்றதிலிருந்து அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. கார்புரேட்டர் கழுவிக் கழுவிக் கை வெளுத்துப்போன தோழர்களே, உங்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்கு அடுத்த படகுச் சவாரியில் புரியலாம்.

பாட்டிலில் பார்த்தது

முதலில் என்னைத்தான் எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். நானும் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். கழுவிக் கொடுத்த கார்புரேட்டர் பத்து நாளில் திரும்பி வரும். அடியில் கலங்கலாக ஏதோ தேங்கியிருக்கும். பிளக்கை மாற்றினேன், ஃபில்ட்டரை மாற்றினேன், பெட்ரோல் வருகிற சின்னத் துளை ஜெட்டைக் கழற்றி ஊதி ஊதி உதடு புண்ணானதுதான் மிச்சம். கடைசியில் பெட்ரோல்தான் மாறிவிட்டது என்று விளங்கியது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கடலோரக் காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட விடாமல் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் கைகோத்துக்கொண்டு டேங்கின் அடியில் போய்ப் படுத்துவிடும். மேலே இருப்பது பெட்ரோல், கீழே இருப்பது எந்த இன்ஜினும் எரிக்காத சாமான்.

வம்பாகீரப்பாளையத்து மீனவர் ஜெயமூர்த்தி இதை நம்பவில்லை. கண்ணாடிப் பாட்டிலில் அவருடைய பெட்ரோலையே ஊற்றி, ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஸ்டூல்மேல் வைத்தேன். சற்று நேரத்தில் அடியில் இருந்த ஒரு விரல் தண்ணீர் மூன்று விரலாக வளர்ந்துவிட்டது. பெட்ரோலில் இருந்த எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொண்டது. ஜெயமூர்த்தி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“ஏண்ணா, இந்த ஊர்ல மனுசன் குடிக்கிறது பத்தாதுன்னு இன்ஜினும் ஆரம்பிச்சிட்டுதா?”

கரும்பு வீட்டுப் பிள்ளை

பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை பலராமன். நிலத்தைத் தந்தை பார்த்துக்கொள்கிறார், இவன் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். ஒருநாள் அவன் படகில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று வந்தான். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் டியூபைத் தொட்டேன், பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. நடுவில் கையால் அமுக்குகிற ரப்பர் பம்ப் ஊறிப்போன வடை போல இருந்தது. பழைய காலத்து ரப்பரை இந்த பெட்ரோல் தின்றுவிடும். வெடிப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகப் படகின் அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி அதே பக்கம்தான் இருந்தது. ஒரு பொறி தெறித்திருந்தால் போதும், படகே எரிந்திருக்கும்.

புது டியூப் மாட்டும்போது, இந்த எத்தனால் எதிலிருந்து வருகிறது என்று கேட்டான். அரிசியிலிருந்தும் வருகிறது, மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது, கரும்பிலிருந்தும் வருகிறது என்றேன். கரும்பு என்றதும் நிமிர்ந்து பார்த்தான். வெட்டிப்போட்ட பழைய டியூபை எடுத்து முகர்ந்தான்.

“கரும்புக்கு கிராக்கின்னு எங்கப்பாவுக்கு ஒரே சந்தோஷம்ணா. எனக்கு பயம். ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் சாப்புடுறோம்.”

மிசியேவுக்கு வேண்டிய காகிதம்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற நம்ம ஊர்க்காரர் ஒருவர் என் வாடிக்கையாளர். பாதி வருஷம் பிரான்சில், பாதி வருஷம் கருவடிக்குப்பத்தில். ஊரே அவரை மிசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடும். சொந்தமாக ஒரு சின்னப் படகு வைத்திருக்கிறார். போகும்போது கேனில் பெட்ரோல் பிடித்து, மூடியை இறுக்கி, மேலே டேப் சுற்றி, தேதி எழுதி வைத்துவிட்டுப் போவார். வந்ததும் அதையே ஊற்றி ஓட்டுவார். இந்த முறை ஊற்றினார், ஓடவில்லை. நான் கேனைத் திறந்து முகர்ந்தேன். புளித்த வாடை. “இது ஆகாது மிசியே, கெட்டுப்போச்சு” என்றேன். மூடி போட்டுத்தானே வைத்தேன் என்று கேன்மேல் இருந்த தேதியைக் காட்டினார்.

இன்ஜினை முழுக்கச் சுத்தம் பண்ணி, புது பெட்ரோல் விட்டு, டிரம்மில் ஓட்டிக் காட்டினேன். போகலாமா என்றார். ஒண்ணும் ஆகாது என்றேன். உடனே சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். அத்தெஸ்தசியோன், அதாவது சான்றுக் கடிதம், அவரே டைப் பண்ணிக் கொண்டுவந்திருந்தார். இந்த இன்ஜின் வழியில் நிற்காது என்று கீழே கையெழுத்துக் கேட்டார். பேனாவைக் கையில் வாங்கினேன். வைத்துக்கொண்டே நின்றேன். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தாளை அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாவகாசமாகக் கேட்டார்:

“கையெழுத்துன்னா மாட்டேங்கிற. அப்புறம் எதுக்கு, அலெக்ஸ், வாயால மட்டும் சொல்ற?”

தோல் வைத்து வடித்தது

அந்தக் கேள்வியை அன்றைக்கே சரியாகக் காதில் வாங்கியிருந்தால், அடுத்து வருவதை எழுத வேண்டியிருக்காது.

என் தங்கை லூர்துவின் கணவர் சவரி, நோணாங்குப்பம் பக்கம் சுண்ணாம்பாற்றில் சொந்தப் படகு ஓட்டுகிறார். வெளியூர்க்காரர்களை முகத்துவாரம் வரை சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து விடுவார். கார்த்திகை மழையில் நாலு வாரம் படகு கட்டிக் கிடந்தது. டேங்கில் பாதிக்குப் பெட்ரோல் மிச்சம். மழை விட்டு, கிறிஸ்துமஸ் கூட்டம் வர ஆரம்பித்ததும் இன்ஜினையும் டேங்கையும் கொண்டுவந்தார். இந்த பெட்ரோலைக் கொட்டிவிடவா என்று அவரேதான் கேட்டார். வேண்டாம் என்று சொன்னவன் நான்.

ஏன் சொன்னேன் என்றால், எனக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு, அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கார் துடைக்கிற மெல்லிய தோலைப் புனலில் விரித்து பெட்ரோலை ஊற்றினால், பெட்ரோல் இறங்கிவிடும், தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நின்றுவிடும். பழைய பெட்ரோலுக்கு இருபது வருஷம் அப்படித்தான் செய்தேன். துறைமுகத்தில் பாதிப்பேருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அன்றைக்கும் வடித்தேன். தோல்மேல் ஒரு துளிகூட நிற்கவில்லை. சுத்தமான பெட்ரோல் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனாலோடு கரைந்துவிட்ட தண்ணீர் தோல் வழியாகவே நல்லபிள்ளையாக இறங்கிப்போனது எனக்குத் தோன்றவில்லை. ஜெயமூர்த்திக்குப் பாட்டில் குலுக்கிப் பாடம் எடுத்தவன்தான். என் சொந்த மச்சானின் டேங்குக்கு அந்தப் பாட்டிலை எடுக்கவில்லை.

பழைய இட்லி மாவில் புது மாவைக் கலப்பது போல, மேலே புது பெட்ரோல் விட்டு நிரப்பினேன். டிரம்மில் அரைமணி நேரம் ஓட்டினேன். இருமல்கூட இல்லை. சவரி மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, “போலாமா மச்சான்?” என்றார். “போ மச்சான், ஒண்ணும் ஆகாது.” அவர் டேங்கைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

“நீ சொன்னா சரி.”

முகத்துவாரத்தில்

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, சாரம் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் ஏணிமேல் நின்று கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சவரி. குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று பேசுகிற குரல்.

“மச்சான், நின்னுபோச்சு. முகத்துவாரத்துகிட்ட. தண்ணி கடல் பக்கம் இழுக்குது.”

எத்தனை பேர் என்றேன். ஒன்பது, அதில் மூன்று குழந்தைகள். லைஃப் ஜாக்கெட் எல்லாரும் போட்டிருக்கிறார்கள். நங்கூரம் போட்டாகிவிட்டது, ஆனால் மணல் பிடிக்கவில்லை, படகு மெல்ல நகர்கிறது. பக்கத்தில் வேறு படகு இல்லை. ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. போனை ஹெல்மெட்டுக்குள் காதோடு சொருகிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். போவதால் அங்கே ஆகப்போவது ஒன்றுமில்லை, நீச்சல்கூடத் தெரியாது. இருந்தாலும் வீட்டில் நிற்க முடியவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று போகிற வழியிலேயே விளங்கிவிட்டது. டிரம்மில் ஓட்டியபோது டேங்க் தரையில் ஆடாமல் இருந்தது. எரியாத சாமான் அடியிலேயே படுத்திருந்தது, டேங்கின் உறிஞ்சு குழாய் அதற்கு ஒரு விரல் மேலே. ஆற்றிலும் அப்படியே போயிருக்கிறது. முகத்துவாரத்து அலை டேங்கைக் குலுக்கியதும் எல்லாம் கலந்து இன்ஜினுக்குள் போய்விட்டது. நான் சொன்ன வார்த்தை பலிக்காமல் போவதற்கென்றே பார்த்து வைத்த இடம் மாதிரி.

“வேற பெட்ரோல் இருக்குதா மச்சான்?” என்று போனில் கேட்டேன். இருந்தது. அன்று காலையில் வாங்கிய இரண்டு லிட்டர், தனிக் கேனில். டியூபை அதில் போடச் சொன்னேன். அதற்கு முன் கார்புரேட்டர் அடியில் இருக்கிற டிரெயின் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே இருப்பதை முழுக்க இறக்கச் சொன்னேன். அரியாங்குப்பம் பாலத்தில் வழக்கம்போல நெரிசல், ஒரு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். காதில் அலைச் சத்தம், ஒரு குழந்தை ஏதோ கேட்கிற சத்தம், சவரி சிரித்தபடி பதில் சொல்கிற சத்தம். ஸ்க்ரூ இறுகியிருக்கிறது என்றார். திரும்பிவிட்டது என்றார். ரப்பர் பம்பை அமுக்குகிறேன் என்றார். கயிறு இழுக்கிற சத்தம் கேட்டது. ஓடவில்லை. மறுபடி. ஓடவில்லை. லூர்துவின் முகம் கண்ணுக்குள் வந்தது. அவளிடம் என்ன சொல்வேன் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாவது இழுப்பில் இன்ஜின் இருமியது, நின்றது. ஆறாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பாலத்தின் நடுவிலேயே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன். பின்னால் ஹாரன் அடித்தவர்களைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் நான் இல்லை.

நான் படகுத்துறைக்குப் போய் நிற்கவும் அவர்கள் வந்து சேரவும் சரியாக இருந்தது. ஒன்பது பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒரு அம்மா சவரியிடம், “அலை கிட்ட நிறுத்திக் காட்டினீங்களே, போட்டோ எல்லாம் சூப்பரா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். சவரியும் சிரித்துக் கையசைத்தார். அவர்கள் கண்ணிலிருந்து மறைந்ததும் படகின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கயிறு இழுத்த உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. தப்பு என்னுடையது என்று நான் ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அந்தப் புள்ள பயமா இருக்குதான்னு கேட்டுச்சு மச்சான். ஒண்ணும் ஆகாதுன்னேன். நீ சொன்னதத்தான் சொன்னேன், வேற இன்னா சொல்றது?”

இப்போது

பழைய பெட்ரோலை என் ஒர்க்‌ஷாப்பில் இப்போது யார் படகிலும் ஊற்றுவதில்லை. தோலைக் கார் துடைக்கக் கொடுத்துவிட்டேன். எந்த டேங்க் வந்தாலும் முதலில் பாட்டிலில் பிடித்துக் குலுக்கி வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கிறேன். சவரி இன்னமும் என்னிடம்தான் வருகிறார். அது எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. லூர்துவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று எங்கள் இருவரில் யாரும் இதுவரை சொல்லவில்லை.

“போலாமாண்ணா?” என்று இப்போது யார் கேட்டாலும் நான் பதில் சொல்வதில்லை, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, முகத்துவாரம் வரைக்கும் கூடப் போய்வர முதல் ஆளாகப் படகில் ஏறி உட்கார்ந்துவிடுகிறேன்.