பிறம்ரனுக்குப் போன போத்தல்

என் மகன் வங்கி வேலையை உதறிவிட்டு, கனடாவின் கிழக்கே, நோவா ஸ்கோஷாக் கடற்கரையில் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்துக்கு வைன் செய்யப் போனபோது, "இனி இந்த வாசலை மிதியாதை" என்று சொன்னேன். ரொறன்ரோ முழுக்க அவனை வங்கிக்காரன் என்று சொல்லித் திரிந்த எனக்கு, திராட்சை பிழிகிறான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கேட்டவர்களிடம், மாற்றலாகிப் போயிருக்கிறான் என்று புளுகினேன்.

சொல்வழி கேட்காத பிள்ளை, அதை மட்டும் கேட்டான். இரண்டு வருடம் வாசலை மிதிக்கவில்லை. தாயோடு இடையிடையே போனில் பேசுவான், என்னைக் கேட்கமாட்டான். அவன் திரும்பி வரவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அவன்தான் முதலில் கேட்க வேண்டும் என்று வீம்பாக இருந்தேன்.

போன மார்கழியில் அவனிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே, பரிசுப் பையில் ஒரு சிவப்பு வைன் போத்தல். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். சொன்னால் அழுவாள் என்று சொல்லவில்லை.

எனக்கு விஸ்கி தவிர வேறு இறங்காது. வைன் என்றால் மாதா கோயில் பூசையில் சாமியார் குடிப்பது. எங்கள் ஆட்களின் வீடுகளில், வந்த போத்தல் வந்த பையோடு அலுமாரிக்குள் போகும். அடுத்த கொண்டாட்டத்துக்கு அதே பையோடு வெளியே வரும். கடைசியில் அதை யார் திறக்கிறார் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். மகனின் போத்தலும் தை மாதம், ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிறம்ரனில் ஒரு சிநேகிதரின் புது வீடு குடிபூரலுக்குப் போனது. அவன் செய்தது என்று தெரிந்துதான் கொடுத்தேன். அவ்வளவு ரோசம்.

மாசியில் அவன் எனக்குப் போன் எடுத்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"அப்பா, அந்தப் போத்தல் இருக்கோ?"

"அதைக் கிறிஸ்மசுக்கே குடிச்சு முடிச்சிட்டன். நல்ல சாமான்."



"முடிச்சிட்டீங்களா?"

"பின்னை, வைச்சுக் கும்பிடுறதே?"

"ஓகே, அப்பா."

போனை வைத்துவிட்டான். அவனுடைய வைனைப் புகழ்ந்துவிட்டேன், மெல்ல வழிக்கு வருவான் என்று எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

ஈஸ்டர் முடிந்த கிழமை பிறம்ரன் சிநேகிதர் போனில் அழைத்தார். மனைவி கறி கிளறிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்த கையோடு ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணை, நீங்கள் தந்த பையை இண்டைக்குத்தான் ஒராளுக்குக் குடுக்க எடுத்தனான். அடியிலை ஒரு வாழ்த்துக் காட் கிடக்குது. உங்கடை மகன் எழுதினது போலை. வாசிக்கிறன், கேளுங்கோ."

மகன் சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ். அவர் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார்.

"அப்பா, இது நான் செய்த முதல் வைன். இப்ப குடிக்க வேண்டாம், இன்னும் சரியா வரேல்லை. நான் ஈஸ்டருக்கு வீட்டை வரலாம் எண்டா, இதைத் திறக்காமல் வையுங்கோ. அம்மாவோட சேர்ந்து திறப்பம். வரட்டோ எண்டு வாயாலை கேக்கப் பயமா இருக்கு. போத்தல் இருக்கோ எண்டு மட்டும் கேப்பன்."

மனைவி அடுப்பை நிற்பாட்டினாள்.

"அவன் கேட்டவனோ?"

"கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"குடிச்சு முடிச்சிட்டன் எண்டு சொன்னனான்," என்றேன்.