புருல்கான் பார்த்து வாங்கிய வண்டி

எங்கள் நாரின் ஊர்ப் பால் பண்ணையில் பதினொரு வருடம் பால் லாரி ஓட்டியவள் புருல்கான். டொலோன் கணவாயின் வளைவுகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் வீட்டுக்குக் கார் வாங்கியபோது அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணவர் சாபிர்பெக்குக்குப் பார்வை மங்கல், ஓட்ட முடியாது. அவருடைய தம்பி குபாத்தான் போய், வீட்டின் மூன்று குதிரைகளை விற்ற பணத்தில் ஒரு கறுப்பு ஜெர்மன் காரைக் கொண்டுவந்தான். தோல் சீட்டு, தானாக ஏறி இறங்கும் கண்ணாடி. எங்கள் தெருவே வந்து பார்த்தது.

அந்த வருடத்தில் பாதி நாள் கார் மெக்கானிக் எர்மெக்கின் பட்டறையில் நின்றது. ஒவ்வொரு சாமானும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கல்யாணம், விருந்து என்றால் மட்டும் குபாத் வந்து சாவியைக் கேட்பான்.

அக்டோபரில் கணவாய்க்கு அந்தப் பக்கம் கோச்கோரிலிருந்து தங்கை கூப்பிட்டாள். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வா என்றாள். புருல்கான் கணவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கணவாய் உச்சியில், பட்டப்பகலில், பனி கொட்டும்போது கார் நின்றது. பால் லாரி நின்றால் அவளே திறந்து சரி செய்துவிடுவாள். இதில் இன்ஜின் மூடியைத் திறந்தால் ஒரே பிளாஸ்டிக் பெட்டிகள், எதில் கை வைப்பது என்றே தெரியவில்லை. ஐந்து மணி நேரம் கழித்து ஒரு நிலக்கரி லாரி வந்து ஏற்றிக்கொண்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் அவள் நேராக எர்மெக்கின் பட்டறைக்குப் போனாள்.

"எந்தக் கார் நல்லதுன்னு நான் கேக்கல. உன் பட்டறைப் பக்கமே வராத கார் எது, அதைச் சொல்லு."

எர்மெக் கையைத் துடைத்துக்கொண்டான். "அப்படிக் கேட்டா என் பொழப்பு என்னக்கா ஆகும்? கறுப்புக் கார்க்காரங்க புண்ணியத்துலதான் என் பொண்ணு படிக்கிறா." அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். "பழைய ஜப்பான் வண்டியா பாருங்க. கையால போடற கியர், துணி சீட்டு. சாமான் எந்தச் சந்தையிலயும் கிடைக்கும். பெயின்ட் போயிருந்தா பரவால்ல, இன்ஜினப் பாருங்க."

கறுப்புக் காரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, புருல்கானும் கணவரும் பிஷ்கெக் கார் சந்தைக்குப் போனார்கள். பொம்பளை தனியாகப் பேரம் பேசினால் ஏமாற்றிவிடுவார்கள் என்று குபாத்தும் ஒட்டிக்கொண்டான்.

முதல் வியாபாரி சாபிர்பெக்கைப் பார்த்தே பேசினான். "இன்ஜின் பஞ்சு மாதிரி ஓடும், அண்ணே. அண்ணிக்குக் கலர் புடிச்சிருக்கான்னு கேளுங்க."

"அவருக்குக் கண்ணு தெரியாது, எனக்குத் தெரியும். ஓட்டப் போறவ நான்" என்றாள் புருல்கான். இன்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. "காலையிலேயே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்க. குளிர்ல ஸ்டார்ட் ஆகாதுங்கறத எனக்குத் தெரியாம மறைக்கிறியா?"

அவன் அடுத்த ஆளிடம் போய்விட்டான். அதற்குள் குபாத் ஒரு வெள்ளைக் காரின் பக்கத்திலிருந்து கை காட்டினான். "அண்ணி, இங்க வாங்க. இதுல கூரை திறக்கும்."

"எட்டு மாசம் பனி பெய்யற ஊருல கூரையத் திறந்து என்ன பண்ணப் போற?"

"பார்க்க நல்லா இருக்குல்ல? நாலு பேரு மதிப்பாங்க."

"அந்த நாலு பேருக்காகத்தான் போன தடவையும் வாங்கினியா?"

குபாத்தின் முகம் சிவந்தது. "எங்கிட்ட என்ன இருக்கு, அண்ணி? அதுல போய் இறங்கினாத்தான் கல்யாண வீட்டுல பெரிய மனுஷங்களோட மேல உக்காரச் சொன்னாங்க. அதுக்காக உங்கம்மா செத்ததுக்கு நானா காரணம்?"

"செத்ததுக்கு இல்ல. நான் வர்றதுக்குள்ள செத்ததுக்கு நீதான்." அவள் குரலை உயர்த்தவில்லை. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான். லாரி ஓட்டினவ வீட்டுலயே இருக்கா, அவளைக் கேளுடான்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

சாபிர்பெக் தலை குனிந்தபடி, "சொல்லல" என்றார்.

இருவரும் அவள் பின்னாலேயே வந்தார்கள். மத்தியானம் வரை அவள் வரிசை வரிசையாக நடந்தாள். எண்ணெய் மூடியைக் கழற்றி மோந்தாள், சேற்றில் படுத்து அடியில் பார்த்தாள். கடைசியில் பதினெட்டு வருடப் பழைய சாம்பல் நிற வண்டி ஒன்று கிடைத்தது. கதவில் நீளக் கீறல், பின் சீட்டில் கிழிசல். இன்ஜின் குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. விற்கும் கிழவர் அவளிடமே நேராகப் பேசினார். அன்றைக்கு அவளை எரிச்சல்படுத்தாத ஒரே ஆள் அவர்தான். அதையே வாங்கினாள்.

அம்மாவின் நாற்பதாம் நாள் விருந்துக்கு அதில்தான் போனாள். கணவாயில் சாலையோரமெல்லாம் முழங்கால் உயரப் பனி, வண்டி முனகிக்கொண்டே ஏறிவிட்டது. குபாத் வாடகைக் காரில் தனியாக வந்து, அம்மா வீட்டு வாசலில் நின்று, "மன்னிச்சிடுங்க, அண்ணி" என்றான். அவள் தேநீரை ஊற்றி அவன் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வண்டி வாங்கி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. பிரேக் கட்டை மாற்ற ஒரே ஒரு தடவை பட்டறைக்குப் போனது, அதையும் பக்கத்தில் நின்று அவளே மாற்றினாள். குபாத்தோடு இன்னும் பேசுவதில்லை. சமாதானம் பண்ண நானும் ஒரு முறை போனேன். மாவு பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல வண்டி வாங்கிட்டேன்தான். அது என் கோவத்தையும் சேர்த்தா ஓட்டிட்டுப் போகும்?" என்றாள்.