கடலில் நின்று கீறிய தெரு

பாய் அளவு வெள்ளைத் தாள். பள்ளிமுனைக் கோயில் மண்டபத் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் வலை ஈயம் வைத்தோம். கொண்டுவந்தவர் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்யும் ஒரு பொம்பிளைப் பிள்ளை. மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். தாளின் மேல்பக்கத்தில் கடலை மட்டும் நீலத்தில் கீறியிருந்தார். தெருவை நாங்கள் கீற வேண்டுமாம். மாரியில் எங்கள் தெரு வாசல்வரை நிரம்பும். வெள்ளம் ஓடக் கான் வெட்ட வேண்டும். எந்தப் பக்கத்தால் என்று அந்தத் தாளை வைத்துத்தான் முடிவெடுப்பார்களாம். பேனையை என் கையில் தந்தார். மூன்றாம் வகுப்போடு எழுத்தை விட்ட கை.

"எனக்கு எழுத வராது, மிஸ்."

"எழுத வேண்டாம் அண்ணை. கண்ணை மூடுங்கோ. தெரியிறதைக் கீறுங்கோ."

தெரிந்ததைக் கீறினேன். தாளின் இடது ஓரத்தில் கோயில், அதற்கு அடுத்து மச்சாள் வீடு, பிறகு மற்ற வீடுகள், வலது ஓரத்தில் வலை காயப்போடும் வெறுங்காணி. ஒருவரும் பிழை சொல்லவில்லை. அன்று வந்தது எல்லாம் கடல்தொழில் ஆம்பிளைகள். பெண்கள் கருவாட்டு வேலையில். வெறுங்காணியால் கான் போகட்டும் என்று கை உயர்த்தினோம்.

பிறகு ஆட்கள் வந்து தாளின்படி அளந்து கட்டை அடித்தார்கள். ஒரு கட்டை மச்சாளின் குசினி வாசலில் விழுந்தது. மச்சாள் என் மனைவியின் தங்கச்சி. இந்திய அகதி முகாமிலிருந்து தனியாகத் திரும்பி, கல் சுமந்து தானே கட்டி அடுப்பு மூட்டிய குசினி. அளந்தவர்களோடு அவள் சண்டை பிடிக்கவில்லை. என் படலைக்கு வந்தாள்.

"நீங்கள் கீறின படமாம், அத்தான். என்ர குசினியை எங்க தூக்கி வைக்கட்டும்?"

கந்தோருக்குப் போய், பிழைவிட்டுவிட்டேன், எப்படிப் பிழையானது என்று தெரியவில்லை என்றேன். மிஸ் ஏசவில்லை. தாளை எடுத்துப் பார்த்தார்.

"எங்க நிண்டு பாத்தனீங்கள், அண்ணை?"

"வள்ளத்தில."

யோசிக்கமுன் வாயில் வந்துவிட்டது. நாங்கள் எங்கள் தெருவை நன்றாகப் பார்ப்பது தொழில் முடிந்து கரைக்கு வரும்போதுதான். கோயில் தெரிந்தால்தான் உயிர் வரும். தரையில் நிற்கும்போது ஒருவரும் கோயில் எந்தக் கைப்பக்கம் என்று பார்ப்பதில்லை.

அடுத்த நாள் காலை தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து, தன்னை வள்ளத்தில் ஏற்றிப் போகச் சொன்னார். அலையாட்டத்தில் இரண்டு தரம் சத்தி எடுத்தார். திரும்புவோமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கரையைப் பார்த்தார், கோயில் இடது பக்கம், நான் கீறியபடியே. தாளை வெயிலுக்குத் தூக்கிப் பின்பக்கத்தால் பார்த்தார். தரையில் நின்று கடலைப் பார்ப்பவருக்குத் தெரிவதுபோல் கோயில் வலது பக்கம் போய், எல்லாம் தன் தன் இடத்தில் நின்றது. முகம் துடைக்காமலே சிரித்தார்.

"நீங்கள் சரியாத்தான் கீறியிருக்கிறியள். நான்தான் எங்க நிண்டு எண்டு கேக்கேல்ல."

கட்டைகளைப் பிடுங்குவித்தார். இரண்டாம் கூட்டத்துக்குப் பெண்களையும் கூப்பிட்டு, பேனையை முதலில் மச்சாளிடம் கொடுத்தார். அவள் குசினியைக் கோயில் அளவுக்குக் கீறினாள்.

"குசினிக்கை பூசையும் வைக்கலாம் போல," என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

"வைக்கலாம். உனக்குத்தான் சாப்பாடு இல்லை."

கான் இப்போது வெறுங்காணியால் போகிறது. வலை போட இடம் குறைந்துவிட்டது. ஒன்றின்மேல் ஒன்றாகக் காயப்போடுகிறோம். காயச் சுணங்கும். அதற்கென்ன. மிஸ் மாற்றலாகிப் போய்விட்டார். எங்கே என்று தெரியாது. மாரி பிடித்தால் மச்சாள் அந்தக் குசினியிலிருந்து தேத்தண்ணியை நீட்டியபடி கேட்பாள்.

"மிஸ்ஸைக் கண்டா வரச் சொல்லுங்கோ, அத்தான். ஒரு நேரம் சோறு குடுக்கோணும்."

ஓம் என்பேன்.