வேரோடு பிடுங்கிய வேலி

தொண்ணூறுகளின் நடுவில் பூனாவில், கோர்படியில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது, வீட்டின் பின்பக்கம் முழுக்க உண்ணிச்செடி. யாரோ வேலியாக வைத்தது, அடுக்களை ஜன்னல்வரை வந்துவிட்டிருந்தது. அடியில் ஒரு புல்கூட இல்லை. எனக்கு அந்தச் செடியைக் கண்டாலே ஆகாது. எந்தத் தேசத்திலிருந்தோ வந்து, இங்கே இருப்பதையெல்லாம் அமுக்கிவிட்டுச் சிங்காரமாகப் பூத்து நிற்கும்.

அதை எடுத்துவிட்டு ஓர் உம்பர் வைக்கச் சொன்னார், அலுவலகத்தில் செடிகொடி தெரிந்த மராத்தி நண்பர். உம்பர் என்றால் நம் அத்திதான். ஒரு மரம் இருந்தால் ஏரியாப் பறவைகளுக்கெல்லாம் அதுதான் மெஸ் என்றார்.

இரண்டு மழைக்காலம் வெட்டினேன். வெட்ட வெட்டத் துளிர்த்தது சனியன். மூன்றாம் வருஷம் கடப்பாரை போட்டு வேரோடு தோண்டி, காயவைத்து எரித்தேன். "ஆபீஸ்ல இந்த வேகத்தைக் காட்டியிருந்தா எப்பவோ ஆபீசர் ஆயிருப்பீங்க" என்றாள் மனைவி. அந்த இடத்தில் வைத்த அத்திக்கன்று ஒரு வருஷத்தில் இடுப்புயரம் வந்தது.

ஒரு ஞாயிறு காலை, ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி ஈரத்துணியும் பையுமாக வாசலில் நின்றார். எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவராம். ராணுவத்தில் இருந்த கணவர் போன வருஷம் தவறிவிட்டார். தமிழ்க்குரல் கேட்டதும் மனைவி காப்பி போடப் போய்விட்டாள்.

"வெலிங்டன்ல இருந்து பூனாவுக்கு மாத்தலாகி வந்தப்ப, அவரு அந்த உண்ணிச்செடிக் குச்சிய டப்பாவுல வெச்சு, ரயில்ல மடியிலயே கொண்டாந்தாருங்க. ஒரு குச்சி ஒடிச்சுக்கட்டுங்களா?"

பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். ரயில் பாதையோரம் அதே செடி காடாகக் கிடக்கிறதே என்று அசட்டுத்தனமாகச் சொல்லி, அங்கேயும் அழைத்துப் போனேன்.

"இது ஆரஞ்சுங்க. அவரு வெச்சது ரோஸ்."

ஈரத்துணியைப் பிழிந்து பைக்குள் வைத்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. செடி விஷயத்தில் நான் செய்தது சரிதான், இன்றைக்கும் அதையேதான் செய்வேன். ஆனாலும் வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து காப்பி குடிக்கும்போது அத்திக்கன்றைப் பார்த்தார்.

"இது காய்க்க எத்தன வருஷமாகுங்க?"

"ஏழெட்டு வருஷம் ஆகும்."

"உங்களுக்கு மாத்தல் எப்பங்க?"

"அநேகமா அடுத்த வருஷம்."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"அடுத்து வர்றவங்ககிட்டச் சொல்லிப்போட்டுப் போங்க. நாங்க சொல்லாமப் போயிட்டமுங்க."